கம்பளம் நெய்த குடும்பம்

ஆண்டு விழா நெருங்கியதும் நம் சங்கத்தில் முதலில் எழும் கேள்வி, "சமுக்காளம் வந்து சேர்ந்ததா?" என்பதே. மேடைக்குத் தோரணம் கட்டுவதற்கு முன்பாகவே தரையில் பவானிச் சமுக்காளம் விரிந்தாக வேண்டும். அந்தப் பட்டைக்கோட்டு விரிப்பின்மேல் அமர்ந்துதான் நம் காலனிக் குழந்தைகள் பாட்டையும் நாடகத்தையும் கண்டு களிக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில ஆலைத் துணிகளின் போட்டியால் நலிவுற்ற பவானி நெசவாளர், பருமனான நூலைக் கொண்டு இவ்விரிப்பை நெய்யத் தலைப்பட்டனர் என்பர். 2005 ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நம் நெசவாளரைத் தாக்கிய அதே ஆலை யுகம் ஆங்கில நாட்டிலே எவ்வாறு பிறந்தது? அங்கே யார் வாழ்ந்தனர்? யார் வீழ்ந்தனர்? இதனை அறிவதற்கு, கம்பளத் தொழிலால் உலகப்புகழ் எய்திய ஒரு குடும்பத்தின் வரலாறு பெரிதும் துணைபுரியும். யார்க்சயர் மாகாணத்து ஹாலிஃபாக்ஸ் நகரில் வாழ்ந்த கிராஸ்லி குடும்பமே அது. ஒரு தாயின் வேண்டுதலில் தொடங்கி, ஒரு நகரின் பூங்காவில் வந்து நிலைபெற்ற அவ்வரலாற்றை இங்கே சுருங்கக் காண்போம்.

ஓடைக்கரை ஆலை

ஹாலிஃபாக்ஸ் குன்றுகள் சூழ்ந்த ஊர். அவ்வூரின் பள்ளத்தாக்கு வழியே ஹெபிள் என்னும் சிற்றோடை ஓடுகின்றது. கம்பளி நூற்றலும் நெய்தலும் அவ்வட்டாரத்தின் பழந்தொழில்கள். நிலம் வளமற்றது, மழையோ மிகுதி. ஆதலின் உழவரும் தத்தம் வீட்டில் ஒரு தறியை வைத்துக்கொண்டே காலம் கழித்தனர்.

இவ்வூரினரான ஜான் கிராஸ்லி 1772 ஆம் ஆண்டில் பிறந்தவர். தொழிலால் கம்பள நெசவாளர். பிறருடைய தொழிற்சாலைகளில் முதலில் நெசவாளராகவும், பின்னர் மேற்பார்வையாளராகவும் உழைத்துத் தொழிலின் நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்தார். 1803 ஆம் ஆண்டில், சிலரைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு, ஹெபிள் ஓடைக்கரையில் டீன் கிளஃப் என்னும் இடத்திலிருந்த ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னாளில் உலகிலேயே மிகப் பெரிய கம்பள ஆலையாக வளர்ந்தது இச்சிறு ஆலையேயாம்.

அவருடைய துணைவியார் மார்த்தா, டர்னர் என்னும் உழவர் ஒருவரின் மகள். தந்தைக்கு விருப்பமின்றியும், சொந்தக் காலில் நிற்க வேண்டுமென்று துணிந்து, ஒரு செல்வர் வீட்டிற்குப் பணிப்பெண்ணாகச் சென்றவர். சமைத்தல், வீடு துலக்கல், பால் கறத்தல் ஆகிய அனைத்தையும் ஒருவராகவே செய்து, கிடைத்த சிறு கூலியிலும் மிச்சம் பிடித்துச் சேமித்தவர். நெசவாளன் ஒருவனுக்கு மகளைக் கொடுப்பதா என்று தந்தையார் தயங்கினார். எனினும் 1800 ஆம் ஆண்டில் திருமணம் நடந்தேறியது. உழவன் மகளை நெசவாளனுக்குக் கொடுக்கத் தயங்கும் தந்தையரை நம் ஊர்களிலும் நாம் கண்டதில்லையா?

வைகறை வேண்டுதல்

ஆலையைக் குத்தகைக்கு எடுத்த தொடக்க நாட்களிலே கணவனும் மனைவியும் ஆலை முற்றத்திலேயே குடியேறினர். வைகறை நான்கு மணிக்கே மார்த்தா அம்மையார் எழுந்து வேலைக்குச் செல்வார். அவ்வாறு ஒரு நாள் முற்றத்தின் வழியே நடந்து செல்லும்போது அவர் தம் மனத்தில் ஒரு வேண்டுதல் செய்துகொண்டார். இவ்விடத்தில் இறைவன் நமக்கு அருள் செய்வானாயின், அதில் ஏழைகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே அவ்வேண்டுதல்.

இச்செய்தி நமக்கு எவ்வாறு தெரிந்தது? அம்மையாரின் இளைய மைந்தர் பிரான்சிஸ், பல்லாண்டுகளுக்குப் பின் ஊரார் முன்னிலையில் இதனை எடுத்துரைத்தார். தம் குடும்பத்தின் செல்வம் அனைத்திற்கும் அன்னையின் அவ்வேண்டுதலே காரணம் என்று அவர் நம்பினார். நம்முடைய அன்னையரும் பாட்டியரும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு, இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. முடிந்து வைத்த காசை மறந்துவிடலாகாது என்னும் அச்சமும் நமக்குத் தெரிந்ததே.

மூத்த ஜான் கிராஸ்லி 1837 ஆம் ஆண்டில் காலமானார். அப்போது ஆலையில் 300 பேர் வேலை செய்தனர். ஜான், ஜோசப், பிரான்சிஸ் என்னும் மைந்தர் மூவரும் தொழிலை ஏற்று நடத்தினர். 'ஜான் கிராஸ்லியும் மைந்தரும்' என்பதே நிறுவனத்தின் பெயராயிற்று. மூவரில் இளையவரான பிரான்சிஸுக்கு அப்போது வயது 19.

கம்பளம் நெய்யும் முறை

இனி வருவதை விளங்கிக்கொள்ளக் கம்பளம் நெய்யும் முறையைச் சிறிது அறிதல் நலம். அக்காலத்தில் சிறந்ததெனக் கருதப்பட்டது 'பிரஸ்ஸல்ஸ்' கம்பளம். இதன் பாவில் ஐந்து அல்லது ஆறு நிறக் கம்பளி இழைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செல்லும். சித்திரத்திற்கு எந்த நிறம் வேண்டுமோ அந்த இழை மட்டும் மேலெழுந்து, ஒரு கம்பியின்மேல் வளைந்து, சுருக்கு வடிவில் நிற்கும். ஏனைய நிற இழைகள் யாவும் கம்பளத்தின் உடலுக்குள்ளேயே மறைந்து கிடக்கும். கம்பியை உருவினால் மேற்பரப்பில் சுருக்குகள் எஞ்சும். அச்சுருக்குகளை அறுத்துவிட்டால் பட்டுப்போல் மென்மையான 'வில்டன்' கம்பளம் ஆகும்.

இம்முறையில் இரண்டு இடர்ப்பாடுகள் இருந்தன. ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகிடக்கும் கம்பளிக்கும் விலை கொடுத்தாக வேண்டும். மற்றொன்று, ஒவ்வொரு வரிசைக்கும் கம்பியைக் கையால் செருகி, கையால் உருவ வேண்டும். நெசவாளர் ஒருவரும், அவருக்குத் துணையாக ஒரு சிறுவனோ சிறுமியோ நாள் முழுதும் உழைத்தாலும் சில கெஜங்களே நெய்து முடிப்பர். அதுவும் 27 அங்குல அகலமுள்ள பட்டையே. பெரிய அறைக்கு வேண்டுமெனில் பல பட்டைகளைச் சேர்த்துத் தைக்க வேண்டும். ஆகவே கம்பளம் என்பது பிரபுக்களின் மாளிகைக்கே உரிய பொருளாயிருந்தது.

முதல் இடர்ப்பாட்டைத் தீர்த்தவர் எடின்பரோ நகரத்து ரிச்சர்டு விட்டாக் என்பவர். 1832 ஆம் ஆண்டில் அவர் ஒரு புது முறைக்குக் காப்புரிமை பெற்றார். பல நிற இழைகளுக்கு மாற்றாக ஒரே இழையை எடுத்துக்கொண்டு, அதனைப் பெரிய உருளையில் சுற்றி, எந்தெந்த இடத்தில் எந்த நிறம் வரவேண்டுமோ அங்கங்கே முன்கூட்டியே சாயம் தோய்த்துவிடுவது அவர் கண்ட வழி. நெய்யும்போது இழை சுருக்காக வளைவதால் நீளம் குறையும். ஆதலின் இழையின்மேல் சித்திரத்தை நீட்டி வரைய வேண்டும். பூ ஒன்று உருளையின்மேல் வாழைப்பூப் போல் நீண்டு காணும்; நெய்து முடித்தபின் தாமரைபோல் விரிந்து நிற்கும். இதனை 'டேப்பஸ்ட்ரி' கம்பளம் என்றனர். மறைந்து வீணாகும் கம்பளி இதில் இல்லை. கிராஸ்லி உடன்பிறந்தார் இம்முறையின் உரிமையைப் பெற்று, அதனைப் பெருமளவில் கையாண்டனர்.

நீராவித் தறி

இரண்டாம் இடர்ப்பாடு இன்னும் கடினமானது. பருத்தித் துணியை நீராவித் தறியில் நெய்யும் கலை முன்னரே வளர்ந்துவிட்டது. கம்பளத் தறியில் கம்பியைச் செருகி உருவும் வேலையை இயந்திரத்திற்குப் பயிற்றுவது எப்படி என்று எவருக்கும் விளங்கவில்லை. கிராஸ்லி ஆலையினர் ஜார்ஜ் கோலியர் என்னும் பொறியாளரை அமர்த்தி, இதற்கெனவே ஆய்வு நடத்தினர்.

அதே காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எராஸ்டஸ் பிரிகாம் பிகெலோ என்னும் அறிஞர் இதே கலையில் வெற்றி கண்டார். 1814 ஆம் ஆண்டில் பிறந்த இவர், வறுமையால் இளமையிலேயே வேலைக்குச் சென்றவர். 1851 ஆம் ஆண்டில் இலண்டனில் பளிங்கு மாளிகையிலே நடந்த பெரும் பொருட்காட்சியில், நீராவித் தறியில் நெய்த இவருடைய கம்பளங்கள் காண்போரை வியப்பில் ஆழ்த்தின. கிராஸ்லி உடன்பிறந்தார் காலம் தாழ்த்தவில்லை. இவருடைய காப்புரிமையை விலைகொடுத்து வாங்கினர். கோலியரின் ஆய்வையும் அதனுடன் இணைத்துக்கொண்டனர்.

விளைவு யாது? அவர்கள் உரிமை கொண்ட புதிய தறி ஒன்று, பழைய கைத்தறியைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு நெய்தது. ஏனைய உற்பத்தியாளர் அத்தறியைப் பயன்படுத்த வேண்டுமாயின் கிராஸ்லி நிறுவனத்திற்கு உரிமைத்தொகை செலுத்தியாக வேண்டும். கம்பளம் விற்று வந்த பணத்தோடு, பிறர் கம்பளம் நெய்வதால் வந்த பணமும் சேர்ந்தது. டீன் கிளஃப் பள்ளத்தாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைக் கட்டடங்கள் எழுந்தன. ஏறத்தாழ அரை மைல் நீளத்திற்கு, பல அடுக்குகளாக, கருங்கோட்டை போல் அவை நின்றன. 300 பேருடன் தந்தை விட்டுச்சென்ற ஆலை, மக்கள் காலத்தில் ஏறத்தாழ 5,000 பேர் வேலை செய்யும் பேராலையாயிற்று.

சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதிப் பழகிய எம்மனோர்க்கு இதில் மற்றொன்றும் புலப்படும். 1844 ஆம் ஆண்டில் மான்செஸ்டர் - லீட்ஸ் இருப்புப்பாதையின் கிளை ஹாலிஃபாக்ஸை வந்தடைந்தது. 1880 ஆம் ஆண்டில் ஆலைக்கு அணித்தாக நார்த் பிரிட்ஜ் நிலையம் திறக்கப்பட்டது. கம்பளியும் நிலக்கரியும் உள்ளே வரவும், கட்டுக்கட்டாய்க் கம்பளம் வெளியே செல்லவும் இருப்புப்பாதை இல்லையேல் இத்துணை வளர்ச்சி ஏது? தறியும் தண்டவாளமும் இணைந்தே அந்நூற்றாண்டை நெய்தன எனலாம்.

இழந்தோர் நிலை

வாழ்ந்தோர் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவது வரலாறு ஆகாது. கிராஸ்லி குடும்பம் ஓங்கிய அதே ஆண்டுகளில், கம்பளத் தொழிலின் தலைநகராக விளங்கிய கிடர்மின்ஸ்டர் தளர்ந்தது. அங்குள்ள நெசவாளர் கைத்தறியிலே கைதேர்ந்தவர்கள். 1828 ஆம் ஆண்டில் கூலிக் குறைப்பை எதிர்த்துப் பல மாதங்கள் வேலைநிறுத்தம் செய்து, பட்டினி கிடந்தவர்கள். அப்போது அவர்களை வருத்தியவர் கண்முன் நின்ற முதலாளிகள். 1850-களிலோ, எங்கோ தொலைவில் ஓடும் நீராவித் தறி அவர்களுடைய பிழைப்பைப் பறித்தது. வேலை தேடிக் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. 1851 ஆம் ஆண்டின் குடிக்கணக்கையும் 1861 ஆம் ஆண்டின் குடிக்கணக்கையும் ஒப்பிட்டால், ஆங்கில நகரங்கள் பலவும் பெருகிய அக்காலத்தில் கிடர்மின்ஸ்டரின் மக்கள் தொகை குறைந்தமை தெரியவரும். பின்னர் அவ்வூரினரும் நீராவித் தறியை மேற்கொண்டு மீண்டும் தலைநிமிர்ந்தனர் என்பது உண்மையே. எனினும் இடையில் வாடிய குடும்பங்களுக்கு அதனால் யாது பயன்?

ஆலைக்குள் வேலை செய்தோர் நிலையும் எளிதன்று. 1844 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் எட்டு வயதுக் குழந்தையும் நெசவாலையில் அரைநாள் வேலை செய்ய இடமளித்தது. பெண்டிருக்கும் இளைஞருக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலை என்னும் சட்டம் 1847 ஆம் ஆண்டில்தான் பிறந்தது. 1842 ஆகஸ்டில் ஹாலிஃபாக்ஸ் பகுதியிலேயே, பசித்த தொழிலாளர் திரண்டு ஆலைக் கொதிகலன்களின் அடைப்புகளைப் பிடுங்கி வேலையை நிறுத்தினர், படைவீரர் வரவழைக்கப்பட்டனர். செல்வம் பெருகிய காலம் அமைதியான காலமாயிருக்கவில்லை.

பயன் பெற்றோர் இல்லாமலும் இல்லை. விலை குறைந்ததால் ஆசிரியர், எழுத்தர், கடைக்காரர் ஆகியோர் வீடுகளிலும் கம்பளம் விரிந்தது. குளிர்மிக்க அந்நாட்டிலே வெறுந்தரையில் நடந்த கால்களுக்கு அஃது எத்துணை ஆறுதல் என்பதை, வடநாட்டு மார்கழிக் குளிரில் வாழும் நாம் நன்கு அறிவோம்.

வேண்டுதல் நிறைவேறிய விதம்

அன்னையின் வேண்டுதலை மைந்தர் மறந்தனரா? இல்லை. மார்த்தா அம்மையார், மக்கள் பெருஞ்செல்வர் ஆனபின்னும் ஆலை முற்றத்து வீட்டை விட்டுச் செல்லாமல், அங்கேயே வாழ்ந்து 1854 ஆம் ஆண்டில் கண்மூடினார். அடுத்த ஆண்டே பிரான்சிஸ் முதியோருக்கென 21 இல்லங்கள் கட்டிக்கொடுத்தார். தங்குவோருக்கு வாரம் ஆறு ஷில்லிங் கிடைக்குமாறு மூலதனமும் வைத்தார். பின்னர் ஜோசப்பும் அவ்வாறே முதியோர் இல்லங்களை எழுப்பினார்.

அதே 1855 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் அமெரிக்கா சென்றிருந்தார். அங்கே வெண்மலைத் தொடரின் அழகில் ஒரு மாலை தம்மை மறந்து நின்றபோது, பகலெல்லாம் ஆலையில் உழைக்கும் தம் ஊர்த் தொழிலாளிக்கு மாலையில் காலாற நடக்க ஓர் அழகிய இடம் இல்லையே என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. ஊர் திரும்பியதும் நிலம் வாங்கினார். பளிங்கு மாளிகையை அமைத்த ஜோசப் பாக்ஸ்டனைக் கொண்டே பூங்காவிற்குத் திட்டம் வகுத்தார். 12 ஏக்கருக்கு மேற்பட்ட 'மக்கள் பூங்கா' 1857 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. அன்னையின் வைகறை வேண்டுதலை அவர் ஊராருக்கு எடுத்துரைத்தது அந்நாளில்தான். 1860 ஆம் ஆண்டில் அவருடைய சிலையும் அப்பூங்காவில் நிறுவப்பட்டது.

உடன்பிறந்தார் மூவரும் சேர்ந்து ஸ்கிர்கோட் மேட்டில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக ஓர் இல்லமும் பள்ளியும் கட்டினர். 400 குழந்தைகள் தங்கத்தக்க அவ்வில்லத்திற்கு ஆண்டுக்கு 3,000 பவுன் வருவாய் வருமாறு அறநிதி அமைத்தனர். 1870 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் இலண்டன் மிஷன் சங்கத்திற்கு 20,000 பவுன் வழங்கினார். நாகர்கோவில், நெய்யூர், சேலம், கோயம்புத்தூர் முதலிய ஊர்களில் பள்ளிகளும் மருத்துவப் பணிகளும் நடத்தியது அச்சங்கமே என்பதை நம்மில் அவ்வூர்களைச் சேர்ந்தோர் அறிவர்.

1864 ஆம் ஆண்டில் நிறுவனம் பங்குக் கூட்டு நிறுவனமாக மாற்றப்பட்டது. அப்போது பங்குகளில் ஒரு பகுதி, சலுகை முறையில் தொழிலாளருக்கே அளிக்கப்பட்டது. அவர்களும் ஆர்வத்துடன் வாங்கினர். தறியில் நிற்பவனும் ஆலையில் ஒரு சிறு பங்கிற்கு உடையவன் என்னும் கருத்து, அந்நாளில் மிகப் புதுமையானது.

இவை அனைத்தையும் அறமென்று கொண்டாடுவதா? பிறருடைய உழைப்பால் வந்த பொருளில் ஒரு துளி என்று தள்ளுவதா? இரு தரப்பாரும் உண்டு. கிடர்மின்ஸ்டரின் நெசவாளனைக் கேட்டால் ஒரு விடை கிடைத்திருக்கும். ஸ்கிர்கோட் இல்லத்தில் சோறும் கல்வியும் பெற்ற அனாதைச் சிறுவனைக் கேட்டால் வேறொரு விடை கிடைத்திருக்கும். இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை என்பது நம் கருத்து. அவ்வாலைச் செல்வத்தில் பங்கு பெற்ற ஏழைகள் உண்டு. அதே ஆலைத் தறிகளால் ஏழையானவர்களும் உண்டு. அன்னையின் வேண்டுதல் முற்றத்து எல்லைக்கு அப்பாலும் எட்டியது. ஆனால் எல்லாரையும் எட்டவில்லை.

செல்வத்தின் நிலையாமை

பிரான்சிஸ் பாராளுமன்ற உறுப்பினராய்ப் பல்லாண்டு விளங்கினார். 1863 ஆம் ஆண்டில் பாரனெட் பட்டம் பெற்றார். புகழ்பெற்ற இருப்புப்பாதை ஒப்பந்தக்காரரான சர் சாமுவேல் மார்ட்டன் பீட்டோவிடமிருந்து சோமர்லேட்டன் மாளிகையை வாங்கியதும் அவ்வாண்டிலேயே. இருப்புப்பாதைகள் பல அமைத்த பீட்டோ சில ஆண்டுகளுக்குள் நொடித்துப்போனார். பிரான்சிஸ் 1872 ஜனவரியில் காலமானபோது அவருடைய சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 8,00,000 பவுன்.

தமையனார் ஜானின் நிலையோ வேறு. நகரத்தின் மேயராக இருந்து, ஊரின் நடுப்பகுதியைத் திருத்தி அமைத்து, தொழிலாளருக்கும் சிறு வருவாயினருக்கும் குடியிருப்புகள் எழுப்பியவர் அவர். 1874 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் புகுந்தார். ஆனால் பொருளிழப்பால் 1877 ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து, 1879 ஆம் ஆண்டில் மறைந்தார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே ஆலை; ஒருவர் நிறைவோடு மறைந்தார், மற்றொருவர் இழப்போடு மறைந்தார். செல்வம் சகடக்கால்போல் உருளும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததற்கு யார்க்சயரிலும் சான்று உண்டு.

ஆலைக்கும் முதுமை வந்தது. ஆங்கிலக் கம்பளத்தைப் பெரிதும் வாங்கிய அமெரிக்கா, 1861 முதல் இறக்குமதித் தீர்வையை உயர்த்தித் தன் ஆலைகளை வளர்த்தது. பிகெலோவின் தறி அவர் தாய்நாட்டிலும் ஓடிற்றல்லவா! 1890 ஆம் ஆண்டுத் தீர்வை இன்னும் கடுமையாயிருந்தது. எனினும் டீன் கிளஃப் இரண்டு உலகப் போர்களையும் கடந்து நின்றது. 1953 ஆம் ஆண்டில் கிடர்மின்ஸ்டர் நிறுவனம் ஒன்றுடன் அது இணைந்தது. நூறாண்டுகளுக்கு முன் எந்த ஊரின் கைத்தறியை வென்றதோ, அதே ஊருடன் கைகோக்க நேர்ந்தது காலத்தின் விளையாட்டு. 1969 ஆம் ஆண்டில் மேலும் பெரியதோர் இணைப்பு நிகழ்ந்தது. இதற்கிடையே, நெய்யாமல் ஊசிகளால் இழையைத் துணியில் குத்திச் செல்லும் புதுமுறைக் கம்பளம் அமெரிக்காவிலிருந்து வந்து, மலிவாலும் விரைவாலும் சந்தையைப் பிடித்துக்கொண்டது. கைத்தறியை நீராவித் தறி வென்றது போலவே, நெசவுத் தறியை ஊசி வென்றது. 1982 ஆம் ஆண்டில் டீன் கிளஃபில் தறிகளின் ஓசை அடங்கியது. தலைமுறை தலைமுறையாக அம்மதில்களுக்குள் உழைத்த குடும்பங்களுக்கு அந்நாள் எத்தகைய நாளாக இருந்திருக்கும்!

கட்டடங்கள் அழியவில்லை. 1983 ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஹால் என்னும் தொழிலதிபர், தம் கூட்டாளிகளுடன் அவற்றை வாங்கினார். அவர் பியானோ இசையிலும் வல்லவர். பாழடைய இருந்த ஆலை, அலுவலகங்களும் ஓவியக் கூடங்களும் நாடக அரங்கும் நிறைந்த இடமாக மாறியது. அனாதை இல்லம் பள்ளியாக வளர்ந்து, 1985 ஆம் ஆண்டில் மற்றொரு பழம்பள்ளியுடன் இணைந்து, கிராஸ்லி ஹீத் பள்ளி என்னும் பெயருடன் இன்றும் நடைபெறுகின்றது. மக்கள் பூங்காவும் மக்களுக்கே திறந்திருக்கின்றது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை ஈர்த்தது தறியும் அன்று, மாளிகையும் அன்று. ஒரு சிறு கணக்கு. பூங்காவைத் திறந்து பத்தாண்டுகள் சென்றபின், 1867 ஆம் ஆண்டில், பிரான்சிஸ் கிராஸ்லி அதன் பராமரிப்பிற்கெனத் தனியே ஒரு தொகையை முதலீடு செய்து வைத்தார். அதையும் சேர்த்தே பூங்காவிற்கு அவர் செலவிட்டது 41,300 பவுன். முதியோர் இல்லத்திற்கு வாரந்தோறும் ஷில்லிங், அனாதை இல்லத்திற்கு ஆண்டுதோறும் வருவாய், பூங்காவிற்குத் தோட்டக்காரனின் கூலி. திறப்பு விழாவில் மாலை சூடிக்கொண்டு போய்விடாமல், மறுநாள் காலையில் யார் பெருக்குவார் என்பதையும் அக்குடும்பத்தார் எண்ணினர். வைகறையில் எழுந்து முற்றம் கடந்த அன்னையின் பிள்ளைகளல்லவா! ஆலை நின்று நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் பூங்கா பசுமையாக இருப்பதற்கு இம்முன்னறிவும் ஒரு காரணம் ஆகும்.

நம் சங்கத்தின் நூல்நிலையம் எத்தனை ஆர்வத்துடன் தொடங்கப்பட்டது என்பதை மூத்த உறுப்பினர்கள் அறிவர். அலமாரி வாங்கப் பணம் திரண்டது. நூல்கள் வாங்கவும் திரண்டது. நாள்தோறும் மாலையில் திறந்து வைக்க ஓர் ஆளுக்கு வேண்டிய சிறு தொகை மட்டும் திரளவில்லை. அலமாரியின் பூட்டு துருவேறிக் கிடக்கின்றது. இங்கே பிறந்த நம் குழந்தைகளோ தமிழெழுத்தைக் கடைப் பலகையிலும் காணும் வாய்ப்பின்றி வளர்கின்றனர். இவ்வாண்டு விழாவில் மிஞ்சும் பணத்தை அடுத்த விழாவின் தோரணத்திற்கென ஒதுக்காமல், அந்நூல்நிலையத்தின் பராமரிப்பு நிதியாக வங்கியில் வைக்கலாம் என்பது நம் விண்ணப்பம். வள்ளுவர் ஒப்புரவிற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அதனைக் குழந்தைகள் ஓதிப் பரிசு பெறுகின்றனர். பரிசளிக்கும் நாம் அதன்வழி ஒழுகிக் காட்டுதல் முறையன்றோ?

விழா முடிந்ததும் சமுக்காளத்தை உதறி, மடித்து, எலி கடிக்காத இடத்தில் வைப்பதற்கு நம்மில் எப்போதும் சிலர் எஞ்சி நிற்பர். அவர்களுடைய பெயர் அழைப்பிதழில் இராது. அடுத்த ஆண்டும் நாம் அமர்வதற்கு விரிப்பு இருப்பது அவர்களால்தான். அத்தகையோர் நம் காலனியில் பெருகுவாராக!